கத்தரிக்கோலுக்கு என்ன அவசரம்?

புனே நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலை எவ்வாறு விடியும் என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அடுப்பில் இட்டிலி வெந்துகொண்டிருக்கும். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம் இளஞ்சூட்டில் காத்திருக்கும். நடுக்கூடத்தில் ஒரு சிறுமி சீப்பைக் கண்டு அஞ்சி அழுதுகொண்டிருப்பாள். அவளுடைய மயிர் நீண்டு படிந்த மயிராயின் அழுகை ஐந்து நிமிடத்தில் ஓயும். இறுகச் சுருண்ட மயிராயின் அரை மணி நேரம் ஆனாலும் ஓயாது.

"இது தலையா, தேங்காய் நாரா?" என்று அன்னை சலித்துக்கொள்வாள். "காக்கை வந்து கூடு கட்டலாம்" என்று அண்ணன் நகைப்பான். "இந்தச் சுருட்டை நம் பக்கத்தில் எவருக்கும் இல்லை" என்று பாட்டி பழியை மறு பக்கத்து உறவினர் மேல் ஏற்றுவார். எல்லாம் அன்பு குறைந்து சொன்ன சொற்கள் அல்ல. ஆயினும், குழந்தை தன்னைப் பற்றிக் கேட்கும் முதற் சொற்களுள் அவையும் சேர்ந்துவிடுகின்றன. ஆண்டுகள் பல கழிந்து, தன் கையில் முதற் சம்பளம் வந்தவுடன், அவள் அழகு நிலையத்தின் படியேறி, "எப்படியாவது நேராக்கிவிடுங்கள்" என்று கேட்டால் அதில் வியப்பென்ன?

அவ்வாறு நேராக்கிக்கொண்ட பெண்கள் பலர் இன்று பிறவிச் சுருளையே விரும்பித் திரும்புகின்றனர். திரும்பும்போது அவர்களை எதிர்கொள்ளும் முதற் கேள்வி, "முழுவதையும் வெட்டிவிட வேண்டுமா?" என்பது. வெட்ட வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையின் வழி யாது என்பதை நம் வீட்டுப் பட்டறிவோடு சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

நம் வீட்டில் நடந்தது

நம் தங்கையின் மகள் ஹிஞ்சவாடியில் உள்ள ஒரு கணினி நிறுவனத்தில் பணிபுரிகிறாள். பிறந்த நாள் முதல் அவளுக்கு இறுகச் சுருண்ட கூந்தல். திருமணப் பேச்சு எழுந்தபோது, "சற்றே நேராக்கிக்கொண்டால் முகம் எடுப்பாகத் தெரியுமே" என்று சொன்னவர்களில் நாமும் ஒருவர். சொன்னதோடு நில்லாமல் அதற்குரிய பணத்தையும் நாமே கொடுத்தோம். இதை ஒளிக்க விரும்பவில்லை.

முதல் நாள் கண்ணாடியில் தன்னைக் கண்டு அவள் மகிழ்ந்தது உண்மை. வழவழவென்று அருவி போல் இறங்கிய கூந்தலை எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். சில மாதங்களில் அடியில் இரு விரற்கடை அளவுக்குச் சுருள் முளைத்தது. மீண்டும் மருந்து. மறு ஆண்டு மீண்டும் மருந்து. மூன்றாம் முறைக்குப் பின் சீப்பை இழுத்தால் மயிர் பழைய நூல் போல் பொட்டுப் பொட்டென்று அறுந்து வந்தது. வேறோர் அழகு நிலையத்தில் காட்டினாள். "இரண்டு அங்குலம் விட்டு மீதியை வெட்டிவிடுங்கள், வேறு வழியே இல்லை" என்றார்கள்.

வீட்டில் அன்று இரவு எவரும் சரியாக உண்ணவில்லை. நம் அன்னையார் பூசையறை வாயிலில் அமர்ந்து, "என் கண் முன்னால் இந்தக் குழந்தையின் தலையில் கத்தரிக்கோல் படக்கூடாது" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், நார்மடிப் புடவைத் தலைப்பால் மழித்த தலையை மூடிக்கொண்டு, கொல்லைப் புறத்திலேயே வாழ்நாளைக் கழித்த தம் அத்தையை அவர் சிறு வயதில் கண்டவர். குட்டை மயிர் என்றால் அவர் மனக்கண்ணில் தோன்றுவது அந்தத் தலைதான்.

பெண்ணோ வேறொன்று சொன்னாள்: "பெரியம்மா, வெட்டிக்கொள்ள எனக்கு அச்சமில்லை. நேராக்கும்போதும் நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள், செய்தேன். இப்போது வெட்டுவதையும் வேறொருவர் சொல்லித்தான் செய்ய வேண்டுமா?"

அச்சொல் நம்மைச் சுட்டது. அன்று முதல் இவ்விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

மருந்து செய்யும் வேலை

மயிர் என்பது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன இழை. அதனுள் நீளவாக்கில் ஓடும் புரதச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து நிற்பவற்றுள் இரண்டை நாம் அறிந்துகொண்டால் போதும். ஒன்று, நீர் பட்டால் தளர்ந்து, உலர்ந்தால் மீண்டும் இறுகும் ஹைட்ரஜன் பிணைப்பு. சூட்டுக் கோலால் நேராக்கிய கூந்தல் புனேயின் முதல் மழைத்துளி பட்டதும் பழையபடி சுருண்டுகொள்வது இதனால்தான். மற்றொன்று கந்தகப் பிணைப்பு. இது நீருக்கு அசையாது. கடுமையான மருந்துக்கே அசையும்.

நேராக்கும் மருந்துகளுள் மூன்று வகை உண்டு. ரிலாக்சர் என்பது சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரங்களைக் கொண்டது. அது கந்தகப் பிணைப்பை வேறொரு பிணைப்பாகவே மாற்றிவிடும், மாறியது மாறியதுதான். நம் நாட்டு அழகு நிலையங்களில் மிகுதியாக வழங்கும் ரீபாண்டிங் என்பது, தயோகிளைகாலிக் அமிலத்தைச் சார்ந்த மருந்தால் கந்தகப் பிணைப்பை முறித்து, சூட்டுக் கோலால் மயிரைத் தட்டையாக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அந்த நேர் நிலையிலேயே மீண்டும் பிணைத்துவிடுவது. இதுவும் மீளாது. மூன்றாவது, கெரட்டின் சிகிச்சை என்னும் பெயரில் நடப்பது. இது மயிரின் மேல் ஒரு பூச்சைச் சூட்டால் படிய வைப்பது. சில மாதங்களில் தலைக்குக் குளிக்கக் குளிக்கக் கரைந்து போகும். எனவே, திரும்ப விரும்பும் பெண் முதலில் அறிய வேண்டியது தன் தலையில் பூசப்பட்ட மருந்து எது என்பதை. ஸ்மூத்னிங் என்னும் ஒரே பெயரில் இருவேறு மருந்துகளும் வழங்குவதால், பெயரைக் கொண்டு முடிவு செய்யலாகாது.

ஆறுதல் தரும் செய்தி ஒன்று உண்டு. மருந்து மாற்றுவது தோலுக்கு வெளியே நிற்கும் மயிரைத்தான். தோலுக்கு அடியில் மயிர் முளைக்கும் குழியை அது மாற்றுவதில்லை. தலைத்தோல் வெந்து தழும்பாகிவிட்டால் அன்றி, அக்குழி தன் பிறவி வடிவத்திலேயே மயிரை உருவாக்கிக்கொண்டிருக்கும். எத்தனை முறை நேராக்கினும் அடியிலிருந்து சுருளே முளைப்பது அதனால்தான். வேர் எதையும் மறக்கவில்லை, நாம்தாம் மறந்துவிடுகிறோம்.

உடல் நலம் பற்றியும் சில சொற்கள். கெரட்டின் சிகிச்சை மருந்துகள் சிலவற்றில், சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடும் பொருள்கள் உள்ளன. அவ்வாயு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று வெளியாயிற்று. நேராக்கும் மருந்துகளைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு என்றும், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் அது 4.05 விழுக்காடு என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. மருந்துதான் காரணம் என்று இது முற்ற நிறுவிவிடவில்லை. அஞ்சி நடுங்கவும் வேண்டியதில்லை. ஆனால், திருமண மண்டபத்தில் ஒரு நாள் அழகுக்காக ஆண்டுதோறும் மருந்தைப் பூசலாமா என்று எண்ணிப் பார்க்க இது போதும்.

கத்தரிக்கோலின் பழங்கதை

வெட்டிவிடு என்பதை அழகு நிலையத்தார் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். நம் வீட்டு மூதாட்டியர் அதைக் கேட்டு ஏன் நடுங்குகின்றனர் என்பதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் இந்தப் புனே நகரிலேயே அதன் வரலாறு கிடக்கிறது.

நாம் காய்கறி வாங்கச் செல்லும் மண்டை மகாத்மா ஃபுலேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. (சந்தைக்கு இங்கே மண்டை என்று பெயர் என்பதை முதல் நாள் கேட்டுத் திகைக்காத தமிழர் உண்டோ?) கணவனை இழந்த பெண்ணின் தலையை அவள் விருப்பத்தைக் கேளாமலே மழித்துவிடும் கொடுமை மராட்டியத்திலும் இருந்தது, தமிழ்நாட்டிலும் இருந்தது. ஜோதிராவ் ஃபுலேயும் அவர் துணைவி சாவித்திரிபாயும் அத்தகைய கைம்பெண்களுக்காக 1863-ஆம் ஆண்டில் புனேயில் ஒரு காப்பகம் திறந்தனர். 1890-ஆம் ஆண்டில் மும்பை நாவிதர்கள் ஒன்றுகூடி, இனிக் கைம்பெண்களின் தலையை மழிப்பதில்லை என்று உறுதி பூண்டனர். கூலி போனாலும் அந்தப் பாவம் வேண்டா என்றனர். நாம் நாள்தோறும் கடந்து செல்லும் கர்வே சாலைக்குப் பெயர் தந்த தோண்டோ கேசவ் கர்வே 1896-ஆம் ஆண்டில் இந்நகரில் கைம்பெண்களுக்கென ஓர் இல்லம் தொடங்கிக் கல்வியளித்தார்.

இவ்வரலாற்றை இங்கே நினைவூட்டுவது, குட்டை மயிர் இழுக்கு என்று சொல்வதற்காக அன்று. தானே விரும்பிக் குட்டையாக வெட்டிக்கொள்ளும் பெண் தன் உரிமையைச் செய்கிறாள், அவளை வாழ்த்துவோம். பிறர் கட்டளையால் மழித்ததுதான் கொடுமை. அதே போன்று, பிறர் வாய்ச்சொல்லுக்கு அஞ்சி நேராக்குவதும், பிறர் வேறு வழி இல்லை என்றதால் வெட்டுவதும் மகிழ்ச்சி தருவன அல்ல. வழி இரண்டு உண்டு என்று பெண்ணுக்குத் தெரிய வேண்டும். தேர்வு அவளுடையதாக இருக்க வேண்டும்.

வழி காட்டியவர்கள்

மெல்லத் திரும்பும் வழியை உலகுக்குக் கற்பித்தவர்கள் அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்கள். நேராக்கும் மருந்தின் சுமையை நெடுநாள் சுமந்தவர்களும் அவர்களே. 1913-ஆம் ஆண்டிலேயே கேரட் மார்கன் என்னும் கறுப்பின அறிஞர் மயிரை நேராக்கும் பசையை விற்க ஒரு நிறுவனம் தொடங்கினார். வேலை கிடைக்கவும் பள்ளியில் ஏளனம் தவிர்க்கவும் மயிரை நேராக்கியே தீர வேண்டிய நிலை அங்கு இருந்தது. 1960-களில் 'கறுப்பே அழகு' என்னும் முழக்கம் எழுந்தபோது, இயல்பான சுருள் கூந்தலும் தலை நிமிர்ந்தது. பள்ளியிலும் பணியிடத்திலும் ஒருவரின் இயல்பான மயிரைக் காரணமாகக் கொண்டு பாகுபாடு காட்டலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் 2019-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றிற்று. ஒரே நாளில் முழுவதையும் வெட்டுவது ஒரு வழி. மருந்தை நிறுத்திவிட்டு, அடியில் வளர வளர நுனியைச் சிறிது சிறிதாக நறுக்குவது மற்றொரு வழி. இவ்விரண்டையும் அப்பெண்கள் தம் அனுபவத்தால் தெளிவாக வகுத்துவிட்டனர்.

இறுகச் சுருண்ட கூந்தல் நம் மண்ணுக்கும் அயலானதன்று. எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர், அகமதுநகர் அரசையே தாங்கி நின்று 1626-இல் மறைந்தார். புனேயும் அன்று அவ்வரசின் எல்லைக்குட்பட்டதே. கொங்கணக் கடலில் நிற்கும் ஜஞ்சிராக் கோட்டையைச் சித்தி மரபினர் 1948 வரை ஆண்டனர். வட கன்னட மாவட்டத்துக் காடுகளில் சித்தி மக்கள் இன்றும் வாழ்கின்றனர். நம் தமிழ்க் குடும்பங்களிலோ, ஒரே வீட்டில் ஒருத்திக்கு நேர் கூந்தலும் மற்றொருத்திக்கு இறுகிய சுருளும் வாய்ப்பது கண்கூடு. மராட்டியர் சுருள் மயிரைக் 'குரளே கேஸ்' என்கின்றனர். சுருண்ட மயிருக்குக் 'குருள்' என்று நம் பழந்தமிழிலும் ஒரு சொல் உண்டு. அண்டை வீட்டார் வாயில் அச்சொல்லைக் கேட்கும்போது, மறந்துபோன உறவினர் ஒருவர் வாயிலில் வந்து நின்றது போல் இருக்கிறது.

இந்நகருக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து மாணவ மாணவியர் பலர் படிக்க வருகின்றனர். நம் அடுக்ககத்தில் குடியிருந்த கென்ய நாட்டு மாணவி ஒருத்தி, நம் பெண்ணின் கூந்தலை எடுத்துப் பார்த்துவிட்டு, "இரண்டரை ஆண்டு பொறுப்பாயா?" என்று மட்டும் கேட்டாள். பின்வரும் முறைகளுட் பல அவள் கற்பித்தவை. சில நம் பாட்டிமார் முன்பே அறிந்தவை.

செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கு. தலைமயிர் மாதத்திற்கு ஏறத்தாழ 1.2 சென்டிமீட்டர் வளர்கிறது. தோளுக்குச் சற்றுக் கீழே 36 சென்டிமீட்டர் நீளம் தொங்கும் கூந்தல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்திற்கு ஒரு முறை நுனியில் 2.4 சென்டிமீட்டர் மட்டும் நறுக்கினால், வளர்ந்ததும் நறுக்கியதும் சமமாகும். கூந்தலின் நீளம் குறையாது. 30 மாதங்களில் மருந்து பட்ட பகுதி முழுவதும் போய்விடும். ஆனால், ஓர் எச்சரிக்கை: இறுகிய சுருள் நீட்டினால் உள்ள நீளத்தில் பாதிகூடக் கண்ணுக்குத் தெரியாது. "வளரவே இல்லையே" என்று மனந்தளராமல், ஒரு சுருளை மெல்ல இழுத்து அளந்து பாருங்கள்.

இரண்டாவது, மருந்தையும் சூட்டையும் நிறுத்துதல். ஒரு விசேஷத்துக்காக மட்டும் என்று சூட்டுக் கோலை எடுத்தால், புதிதாய் முளைத்த சுருளும் கெட்டுப்போகும். மிகுந்த சூடு புரதத்தையே சிதைத்துவிடுவதால், அந்தப் பகுதியும் பின்னர் நறுக்க வேண்டியதாகவே முடியும்.

மூன்றாவது, எல்லைக் கோட்டைக் காத்தல். புதிய சுருளும் பழைய நேர் மயிரும் சந்திக்கும் இடமே மிகவும் நலிந்த இடம். அறுவது அங்கேதான். ஆகவே, உலர்ந்த தலையில் சீப்புப் போடலாகாது. நீரும் கண்டிஷனரும் தோய்ந்து வழுக்கும் நிலையில், கூந்தலை நான்கு அல்லது ஆறு பகுதிகளாகப் பிரித்து, முதலில் விரல்களாலும் பின்னர் அகன்ற பல் சீப்பாலும், நுனியிலிருந்து தொடங்கி அடியை நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். பேன் சீப்பை இக்காலத்தில் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

நான்காவது, எண்ணெயும் நீராட்டும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர் மயிரில் எளிதாக நுனி வரை இறங்கிவிடும். சுருளில் திருப்பத்துக்குத் திருப்பம் நின்றுவிடும். சுருள் கூந்தல் வறண்டு போவதன் காரணம் இதுவே. தேங்காய் எண்ணெய் மயிரின் உட்பகுதிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்றும் 2003-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. குளிப்பதற்கு முன் தடவுவதே சிறந்தது. வாரத்திற்கு ஒரு முறை மென்மையான ஷாம்பு போதும். சீயக்காய்த் தூள் சுருளுக்குள் சிக்கிக்கொள்ளும். விரும்புவோர் கொதிக்க வைத்து வடிகட்டிய நீரை மட்டும் பயன்படுத்தலாம். நகரின் ஓரத்தில் டேங்கர் நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் நம்பி வாழும் குடும்பங்களில் நீர் கடினமாக இருந்தால், கடைசிச் செம்பு நீராவது வடிகட்டிய நீராக இருக்கட்டும்.

ஐந்தாவது, இரண்டு வகை மயிரையும் ஒன்றுபோல் தோன்றச் செய்தல். இதுவே எல்லோரும் அஞ்சும் கட்டம். அடியில் சுருளும் நுனியில் குச்சியுமாக நிற்கும் தலையோடு அலுவலகம் செல்வது எப்படி? ஈரக் கூந்தலைச் சிறு சிறு கற்றைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு புரியாகக் கயிறு போல் முறுக்கி, நுனியைச் சுருட்டி வைத்துவிட்டு இரவு உறங்க வேண்டும். காலையில் நன்கு உலர்ந்த பின் பிரித்தால் நேர் மயிரும் அலை அலையாகச் சுருண்டு நிற்கும். முன்னர்ச் சொன்ன ஹைட்ரஜன் பிணைப்பு ஈரத்தில் தளர்ந்து, உலரும்போது அவ்வடிவத்தைப் பிடித்துக்கொள்வதே இதன் இரகசியம். பிடிப்பு நீடிக்க, இங்கே 'ஜவஸ்' என்னும் பெயரில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் ஆளி விதை உதவும். இரண்டு மேசைக்கரண்டி விதையை ஒன்றரைத் தம்ளர் நீரில் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, கரண்டியில் எடுத்தால் நூல் போல் இறங்கும் பதத்தில் இறக்கி, சூடு ஆறுவதற்குள் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை வைக்கலாம். சட்டினிக்கு வாங்கியதில் சிறிது கூந்தலுக்கும் போகட்டும்.

நம் பாட்டிமாரின் தளர்ந்த இரட்டைச் சடையும் கொண்டையும் இக்காலத்துக்கு அருந்துணை. இரு வகை மயிரும் பின்னலுக்குள் மறைந்துவிடும். மேலே ஒரு முழம் மல்லிகை இருந்தால் எவர் கண்ணும் எல்லைக் கோட்டைத் தேடாது. ஆனால், நெற்றி ஓரம் இழுபட இறுகப் பின்னினால் அவ்விடத்து மயிர் உதிர்ந்து, நாளடைவில் முளையாமலே போகலாம். தளர்வாகவே பின்னுங்கள்.

ஆறாவது, உறக்கம். பருத்தித் தலையணை உறை மயிரை உராய்ந்து ஈரத்தையும் உறிஞ்சும். பெட்டியில் கிடக்கும் பழம் பட்டுப் புடவையின் கிழியாத பகுதியில் ஓர் உறை தைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது, காலம் அறிதல். பங்குனி முதல் வைகாசி வரை புனேயின் காற்று வறண்டது. அப்போது கண்டிஷனரைச் சிறிது மிகுதியாக்கித் தலையைத் துணியால் மூடிச் செல்லுதல் நன்று. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தால் சுருள் உப்பிப் பரந்து நிற்கும். அது நோயன்று, அதன் இயல்பு.

எட்டாவது, உதிர்வதையும் அறுவதையும் வேறுபடுத்தி அறிதல். நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் உதிர்வது இயல்பே. அவற்றின் ஒரு முனையில் சிறிய வெண்குமிழ் இருக்கும். குமிழ் இல்லாத துண்டு மயிர் எனில் அறுந்தது. கையாளும் முறையில் பிழை என்று கொள்க. வட்டமாக வழுக்கை தோன்றினாலோ, தலைத்தோல் எரிந்து புண்ணானாலோ, மிகுதியாக உதிர்ந்தாலோ தோல் மருத்துவரைக் காண வேண்டும். நம் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இரும்புச்சத்துக் குறைவும் மயிர் உதிரக் காரணமாகலாம். அதை இரத்தப் பரிசோதனையால் அறியலாம். எண்ணெயால் தீர்க்க இயலாது.

பொறுமையின் பயன்

நம் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் எளிதாகக் கழியவில்லை. எட்டாம் மாதம் ஒரு நாள், "போதும் பெரியம்மா, மீண்டும் நேராக்கிவிடுகிறேன்" என்று கையில் பணத்தோடு நின்றாள். நாம் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. "உன் தலை, உன் விருப்பம். நாளை காலை வரை மட்டும் பொறுத்துப் பார்" என்றோம். அன்றிரவு தங்கையும் நாமும் அவளுக்கு இரு பக்கமும் அமர்ந்து, முப்பதுக்கும் மேற்பட்ட முறுக்குகள் போட்டோம். சீப்புக்கு அஞ்சி அழுத அதே தலையை, அன்று அவள் அழாதபடி தொட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தலையைக் குறை கூறிய வாய் நம்முடையது என்னும் நினைவு ஒவ்வொரு முறுக்கிலும் வந்து போயிற்று. காலையில் அவள் பணத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு அலுவலகம் சென்றாள்.

முப்பது மாதம் என்றது முப்பத்திரண்டாயிற்று. கடைசியாக இரண்டு விரற்கடை நேர் மயிர் மட்டும் எஞ்சியிருந்த நாளில், அதை யார் நறுக்குவது என்று பேச்சு வந்தது. கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொன்னவர் நம் அன்னையார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடுங்கும் கையால் ஒவ்வொரு சுருளாக எடுத்து, "இங்கேயா அம்மா? இவ்வளவு போதுமா?" என்று பேத்தியைக் கேட்டுக் கேட்டு நறுக்கினார். தம் அத்தையை எவரும் அவ்வாறு கேட்டதில்லை என்று பின்னர் நம்மிடம் தனியே சொன்னார்.

திருமணம் முடிந்ததா என்று வாசகர்கள் கேட்பார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. வருகிறவர்கள் காணப்போவது அவள் கூந்தலை, அது இருக்கிறபடி.

வரும் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு அமரும் அன்னையருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. சீப்பை மாற்றுவதற்கு முன் சொல்லை மாற்றுங்கள். தேங்காய் நார் என்று அழைத்த நாவால், "எத்தனை அழகாய்ச் சுருண்டிருக்கிறது, பார்!" என்று ஒரு முறை சொல்லுங்கள். அந்தக் குழந்தை வளர்ந்து நேராக்க விரும்பினாலும், வெட்ட விரும்பினாலும், இருந்தபடியே விட விரும்பினாலும், அது வெட்கத்தால் எடுத்த முடிவாக இராது. அழுகையும் சற்று முன்னதாகவே ஓயும், இட்டிலியும் ஆறாது.